இல்லாதவர்களின் இருமல்

எளிதில் அணுக இயலாத நகர்ப்புற மக்கள் நல ஆய்வு மையம் என்று ஒன்று இருக்கிறது. இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவருக்கு நெஞ்சில் கோளாறு கிடையாது என்று தைரியமாகச் சொல்லலாம். அந்த அளவில் மையத்தால் பொதுமக்களுக்கு ஒரு பிரயோஜனம் இருக்கத்தான் செய்கிறது. ஆறாவது மாடியில் ஆபீஸ், இருபத்திரண்டு பேர் வேலை. எந்தக் கணக்கெடுப்பிலும் சிக்காத, எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் இல்லாத ஏழை ஜனங்களை ஊருக்குள் தேடிக் கண்டுபிடித்து, அவர்களுக்கு என்ன உடம்புக்கு என்று எழுதி அனுப்ப வேண்டும். பதினோரு வருஷமாகத் தேடுகிறார்கள், இன்னும் ஒருவரும் அகப்படவில்லை. அந்த ஜனங்கள் எவ்வளவு அணுக முடியாதவர்கள் என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டி, வருஷம் தவறாமல் மேலிடத்தில் சபாஷ் வாங்கிவிடுகிறார்கள்.

இந்த ஆபீசுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவரைக் கேன்காரர் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று ஆறு மாடி ஏறுவார். குடியிருப்பது அதே கட்டடத்துக்குப் பின்னால் உள்ள சந்தில். ஆபீஸ் கக்கூஸ் ஜன்னலைத் திறந்தால் அவர் வீட்டுக் கொடியில் காயும் துணியை எண்ணலாம். அந்த ஜன்னலை யாரும் திறப்பதில்லை, ஏனென்றால் கீழிருந்து பெயிண்ட் வாடை வரும்.

வாடைக்குக் காரணம் சந்தின் நடுவில் இருந்த பட்டறை. மர பீரோவுக்கும் கட்டிலுக்கும் அங்கே பெயிண்ட் பீய்ச்சி அடிப்பார்கள். புகைபோக்கி ஒன்றும் கிடையாது. அடிக்கிற பெயிண்டில் பாதி பீரோ மேல் விழும், மீதியைச் சந்திலிருந்த நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் பங்கு போட்டுச் சுவாசிப்பார்கள். கேன்காரரின் மனைவி வீட்டில் உட்கார்ந்தபடியே சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள், பித்தான் துளையைச் சுற்றி நூல் கட்டுகிற வேலை. பகல் முழுக்க அந்தக் காற்றுதான் அவளுக்கு. இரண்டு வருஷமாக இருமல், போன மழைக்காலத்திலிருந்து இளைப்பு. ஒரு சட்டைக்கு ஆறு காஜா என்றால் நடுவில் எட்டுத் தடவை இருமுவாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை போகும், போன வேகத்தில் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். இந்தக் கணக்கைக் கேன்காரர் தினமும் மனசுக்குள் போட்டுப் பார்ப்பார். அவளிடம் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கூட்ட அறையில் கேன் மாற்றிக்கொண்டிருந்தபோது இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் மேலிடம் நமக்கு ஒரு நெஞ்சு மருத்துவ வண்டி குடுத்திருக்கு. டாக்டர், எக்ஸ்ரே, மருந்து எல்லாம் அதுலயே இருக்கு. அணுக முடியாத ஒரு பகுதியை நாம கண்டுபிடிச்சுச் சொன்னாப் போதும், வண்டி வரும். ரெண்டு மாசத்துக்குள்ள சொல்லலேன்னா வேற ஊருக்குப் போயிடும்."

கேன்காரர் பாதி மாற்றிய கேனை அப்படியே கீழே வைத்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. எங்க சந்துல நாப்பத்து மூணு வீடு. எல்லாருக்கும் நெஞ்சுக் கோளாறு சார். இங்க பின்னாடிதான்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நீங்க எப்படி வந்தீங்க?"

"படியேறித்தான் சார்."

"அதாவது, நீங்களே வந்துட்டீங்க. வந்து பேசவும் செய்றீங்க. நாங்களும் கேட்டுட்டோம்." அவர் மற்றவர்களைப் பார்த்தார். "இதைத்தான் அணுகக்கூடியவர்னு சொல்றோம். உங்களை நினைச்சா எனக்குச் சந்தோஷமா இருக்கு. உங்களுக்கு எங்க உதவி தேவையே இல்ல."

கேன்காரர் வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னார்.

"அப்போ கொஞ்சம் தள்ளிக் குடி போயிடலாமாங்க?" என்று கேட்டாள் மனைவி. கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்து, ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் விடவில்லை. அடுத்த செவ்வாய் முறையியல் மேடத்தின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். யாரை எப்படி எந்த நேரத்தில் எத்தனை தடவை தேட வேண்டும் என்று வகுப்பவர் இந்த அம்மாதான். ஊரே குருடாகிப் போனாலும் இவர் வகுத்த முறைப்படி தடவிக்கொண்டு போனால் தன் வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் போய்விடலாம் என்பார்கள். மேடம் இரக்கமுள்ளவர். அன்றைக்கே சந்தின் பெயரைப் பட்டியலில் சேர்த்து, கணக்கெடுக்கிற பெண்ணை அனுப்பி வைத்தார்.

அந்தப் பெண்ணுக்குக் கழுத்தில் அட்டை, கையில் படிவக் கட்டு. சந்துக்குள் நுழைந்ததுமே கதவெல்லாம் திறந்துகொண்டது. ஆளாளுக்கு நாற்காலி போட்டார்கள். கேன்காரரின் மனைவி முகம் கழுவிப் புதுப் புடவை உடுத்தியிருந்தாள்.

"முதல் கேள்வி அக்கா. நீங்க வீட்ல இருக்கீங்களா?"

"இருக்கேனே. உன் முன்னாடிதானே உக்காந்திருக்கேன்."

பெண் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பிறகு படிவத்தை மடித்தாள். "அவ்ளோதான் அக்கா. நன்றி."

"என்னது, அவ்ளோதானா? இருமலைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே."

"அது இருபத்தி ஏழாவது கேள்வி. 'இல்லை'ன்னு சொன்னாத்தான் ரெண்டாவது கேள்விக்கே போகணும்." பெண் அச்சடித்த குறிப்பைக் காட்டினாள். அவளுக்கே சங்கடமாகத்தான் இருந்தது. "வீட்ல இருக்கிறவங்க அணுகக்கூடியவங்க. அவங்களைக் கேட்டா ஆய்வு கெட்டுப்போயிடுமாம்."

"அப்போ நான் என்னதான் செய்யணும்?"

"மூணு தடவை நான் வரும்போதும் நீங்க இருக்கக் கூடாது அக்கா. மூணு தடவை இல்லேன்னா கதவுல சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். அதுக்கப்புறம் நீங்க அணுக இயலாதவர்."

அன்றைக்கே சந்து கூடிப் பேசி முடிவெடுத்தது. கேன்காரரைத் தவிர யாருக்கும் வெளியே வேலை கிடையாது. கவர் ஒட்டுகிறவர்கள், பித்தான் தைக்கிறவர்கள், பொம்மைக்குக் கண் வைக்கிறவர்கள், எல்லாருக்கும் வீடுதான் தொழிற்சாலை. அப்படிப்பட்ட ஜனங்கள் வீட்டில் இல்லாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே மூச்சுக் காட்டாமல் இருப்பது என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வந்து முதல் கதவைத் தட்டினாள். கப்சிப். இரண்டாவது கதவு, மூன்றாவது கதவு, எங்கும் கப்சிப். பட்டறையில் அப்போதுதான் ஒரு பீரோவுக்கு இரண்டாம் பூச்சு ஆரம்பித்திருந்தார்கள். கேன்காரரின் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் முட்டியது. எட்டாம் வீட்டில் யாரோ ஒருவர் தாங்க மாட்டாமல் ஒரே ஒரு தடவை கனைத்தார். அவ்வளவுதான், சந்து முழுவதும் பிய்த்துக்கொண்டு இருமியது. நாற்பத்து மூன்று பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் நல்ல கச்சேரி.

பெண் நடுச்சந்தில் நின்றாள். முதலில் 'பூனை' என்று எழுதினாள். நாற்பத்து மூன்று வீட்டுக்கும் பூனை என்றால் மேடம் நம்ப மாட்டார் என்று அடித்துவிட்டாள். இருமலும் ஒரு பதில்தான், பதில் வந்தால் அணுகியாகிவிட்டது என்று மேடம் தீர்ப்புச் சொன்னார்.

"நிஜமாவே இல்லாம போயிடுங்க அண்ணா," என்று அவள் மாடிப்படியில் கேன்காரரிடம் ரகசியமாகச் சொன்னாள். "நான் வர்ற நாள் முன்கூட்டியே சொல்லிடறேன்."

அதன்படி மூன்று நாளும் சந்து காலியானது. ஆளுக்கொரு பையில் கைவேலையை எடுத்துக்கொண்டு, மையத்துக்கு எதிரேயிருந்த பூங்காவில் போய் உட்கார்ந்தார்கள். பெஞ்சு நிறைய காஜா, பித்தான், பொம்மைக் கண். ஆறாவது மாடி ஜன்னல் வழியாகப் பார்த்த இயக்குநர், "இப்பல்லாம் ஜனங்க நல்லா காத்து வாங்குறாங்க. நாட்டோட ஆரோக்கியம் முன்னேறிட்டு வருது," என்று பூரித்துப்போனார்.

கணக்கெடுக்கிற பெண் பூங்கா வழியாகத்தான் சந்துக்குப் போவாள், அதே வழியாகத்தான் திரும்புவாள்.

"போயிட்டு வந்துட்டியாம்மா?" என்று கேட்டாள் கேன்காரரின் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி. "இருந்தோமா?"

"யாருமே இல்லக்கா. கதவைத் தட்டித் தட்டிக் கையே வலிக்குது."

"பாவம், அலைய விட்டுட்டோம். உக்காரு, தண்ணி குடிச்சிட்டுப் போ."

மூன்றாம் நாள் சாயங்காலம் நாற்பத்து மூன்று கதவிலும் சிவப்புச் சீட்டு. சந்தில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆறாவது மாடியில் அதைவிடப் பெரிய கொண்டாட்டம். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அணுக இயலாதவர்கள் கிடைத்துவிட்டார்களே.

இனி இருபத்தி ஏழாவது கேள்விதான் என்று கேன்காரர் நினைத்தார். அங்கேதான் அவர் முறையியலைக் குறைத்து எடை போட்டுவிட்டார்.

"அவங்களைப் போய்க் கேக்கறதாவது?" என்று மேடம் அதிர்ந்துபோனார். "கேட்டுப் பதில் சொல்லிட்டா, அணுகிட்டோம்னு ஆயிடாதா? இவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைச்சவங்களை நாமளே கெடுத்துக்கிறதா?"

வேறொரு வழி வைத்திருந்தார். பதில் கிடைக்காத ஆளுக்குப் பதிலாக, தூரக் கணக்கில் அவருக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற ஆளைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்ததில், சந்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது மையம்தான். ஆகவே ஊழியர்களே பிரதிநிதிகள் ஆனார்கள். இருபத்தொரு பேருக்குத் தலைக்கு இரண்டு வீடு. பதவிக்கு மரியாதையாக இயக்குநருக்கு ஒரே வீடு, அது கேன்காரரின் வீடு. பிரதிநிதிக்கு எது வந்தாலும் வீட்டுக்காரருக்கும் அது வந்ததாகக் கணக்கு.

பிரதிநிதிகள் படிவத்தை நேர்மையாகத்தான் நிரப்பினார்கள். சந்து மக்கள் நாள் முழுக்கக் கூட்டத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலியால் அவதிப்படுகிறார்கள் என்று தெரிய வந்தது. கண் எரிச்சல், விடுமுறைக் குறைவு, பதவி உயர்வு பற்றிய கவலை. நெஞ்சில் கோளாறு யாருக்கும் இல்லை. பரிந்துரை: நெஞ்சு வண்டி அவசியமில்லை, சாய்மானம் உள்ள சுழல் நாற்காலிகள் நாற்பத்து மூன்று உடனடித் தேவை.

அன்று கேன்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வாரம்தான் பாக்கி. வீட்டில் அவள் ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், படுத்தால் மூச்சு அடைக்கிறது. இவர்கள் நாற்காலி கொடுக்கிறார்கள்.

நாற்காலி வழங்கும் விழாவைச் சந்திலேயே நடத்துவது என்று முடிவாயிற்று. பெறுகிறவர்கள் நேரில் வரக் கூடாது, அவர்களுக்காகப் பிரதிநிதிகள் பெற்றுக்கொள்வார்கள். தண்ணீருக்கும் இட ஏற்பாட்டுக்கும் கேன்காரரிடமே சொன்னார்கள். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று சந்து முனையில்தான் மேடை போடச் சொன்னார்கள். கேன்காரர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிரதிநிதிக்கு வந்தால் வீட்டுக்காரருக்கு வந்த மாதிரி என்று அவர்கள்தானே சொன்னார்கள்? முனையை விட்டுவிட்டு, பட்டறை வாசலுக்கு நேர் எதிரே மேடையையும் நாற்பத்து மூன்று நாற்காலிகளையும் வரிசையாகப் போட்டார்.

பட்டறையில் அன்று ஏழு பீரோ. அவர் போய்ச் சொல்லி வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சந்து ஜனங்கள் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, இயக்குநர் எழுந்தார்.

"இங்க வசிக்கிற மக்களை நான் பார்த்ததே இல்ல. அதுதான் எனக்குப் பெருமை. பார்த்திருந்தா, அவங்க என்னோட முடிவுகளைப் பாதிச்சிருப்பாங்க. மத்த நிறுவனங்க மக்கள்கிட்ட போய் உக்காந்து, என்ன கஷ்டம், எங்க வலிக்குதுன்னு கேட்டு அவங்க நேரத்தை வீணடிக்குது. நாங்க அந்தத் தப்பைப் பண்ணதில்ல. அவங்களுக்கு என்ன தேவைங்கிறதை எங்களைக் கேட்டே நாங்க தெரிஞ்சுக்கிட்டோம்."

ஒன்றரை மணி நேரம் பேசினார். முதல் அரை மணியில் கணக்காளர் தொண்டையைச் செருமினார். ஒரு மணி ஆனபோது முறையியல் மேடம் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. கடைசிப் பகுதியை இயக்குநர் இருமிக்கொண்டே பேசினார். கேன்காரருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். விழா முடிந்ததும் பிரதிநிதிகள் தாங்கள் பெற்ற நாற்காலிகளை ஆறாவது மாடிக்கு எடுத்துப்போனார்கள்.

மறுநாள் ஆபீஸே இருமியது. மேடத்துக்கு விதி விதிதான், தனக்கு வந்த இருமலைக்கூட அவர் கணக்கில் விட்டுவிடவில்லை. படிவங்களைத் திருத்தினார். சந்தில் நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று வீட்டிலும் கடும் இருமல் என்று தந்தி வேகத்தில் மேலிடத்துக்குப் போயிற்று. மேலிடம் மிரண்டுபோய், வண்டியை நாளைக்கே அனுப்புகிறோம் என்று பதில் போட்டது.

வண்டி வந்தது. சந்துக்கு இல்லை, மையத்துக்கு. டாக்டர் சந்துக்குப் போய் யாரையாவது பார்த்துவிட்டால் அவர்கள் அணுகப்பட்டுவிடுவார்களாம், அதனால் பிரதிநிதிகளைப் பார்த்து, பிரதிநிதிகளுக்கு மருந்து கொடுத்தால் போதுமாம். மூன்று மாத மருந்தையும் ஒரு வேளை தவறாமல் சந்து மக்களுக்காகத் தாங்களே உட்கொள்வதாக ஊழியர்கள் உறுதி கூறியிருந்தார்கள்.

இதைக் கேட்டதும் கேன்காரரின் மனைவி ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஆபீசுக்கு."

"நீ போனா, வந்துட்டாங்க, அணுகக்கூடியவங்கன்னு எல்லாத்தையும் ரத்து பண்ணிடுவாங்கம்மா."

"யாரு வந்திருக்கான்னு அவங்க சொன்னாத்தானே ரத்து? சொல்லட்டும் பாக்கலாம்."

சந்தே அவள் பின்னால் கிளம்பியது. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினாள். நாலாவது மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கேன்காரர் முதுகைத் தடவிக் கொடுத்தார். கேன் தூக்குகிற தோள்தான், அவளையும் தூக்கிவிடலாம். தூக்குகிறேன் என்றால் அடிப்பாள் என்று தெரியும், அதனால் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

கூட்ட அறையில் மேலிடத்து டாக்டர் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயதுக்காரர், காலையிலிருந்து இருபத்திரண்டு பேரின் இருமலுக்கும் ஒரே காரணத்தை எழுதிக்கொண்டிருந்தவர். கேன்காரரின் மனைவி நேரே போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். மையத்து ஊழியர்கள் சிலையாகிப் போனார்கள்.

"யாரும்மா நீங்க?"

"நான்தாங்க இயக்குநர்," என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே.

டாக்டர் நிமிர்ந்து இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேடத்தைப் பார்த்தார். மேடம் கூரையைப் பார்த்தார். வந்திருப்பது சந்துக்காரி என்று ஒப்புக்கொண்டால் பதினோரு வருஷத்தில் கிடைத்த ஒரே அணுக இயலாத மக்கள் கைநழுவிப் போய்விடுவார்கள், அறிக்கை குப்பைக்குப் போகும். இயக்குநரின் முகத்தில் வியர்வை அரும்பியது.

"ஆமா டாக்டர்," என்றார் கடைசியில். "அவங்கதான் இயக்குநர்."

"அப்போ நீங்க?"

"நான்... சும்மா பாக்க வந்தேன்."

டாக்டர் ஒரு நொடி கேன்காரரின் மனைவியின் விரல்களைப் பார்த்தார். ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்கள். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டார், முன்னால், பின்னால், மறுபடியும் பின்னால். இரண்டு வருஷத்தில் அவள் நெஞ்சில் ஒருவர் காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்து எட்டாம் வீட்டுக்காரர் வந்து தன்னைக் கணக்காளர் என்றார். ஒன்பதாம் வீட்டம்மாவும் கணக்காளர். நிஜக் கணக்காளர் ஏற்கெனவே மருந்து வாங்கிக்கொண்டு நின்றிருந்தார், தன் பொட்டலத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "உங்க ஆபீஸ்ல மூணு கணக்காளரா?" என்று டாக்டர் கேட்டார். "வேலை ஜாஸ்தி சார்," என்றாள் கணக்கெடுக்கிற பெண்.

நாற்பத்து மூன்று வீட்டாரையும் பார்த்து முடித்து, எல்லாருக்கும் மருந்து கொடுத்துவிட்டு, டாக்டர் ஒரு தாளை எடுத்தார்.

"மருந்து மட்டும் போதாது. பெயிண்ட் காத்து நிக்கணும். கூரைக்கு மேல புகைபோக்கி வைக்கிற வரைக்கும் அந்தப் பட்டறையைப் பூட்டி வைக்கணும்னு எழுதியிருக்கேன். என் கையெழுத்தும் மையத்து இயக்குநர் கையெழுத்தும் இருந்தா, ஒரு வாரத்துல நடந்துடும்." தாளையும் பேனாவையும் கேன்காரரின் மனைவியின் பக்கம் நகர்த்தினார். "போடுங்க மேடம்."

அவள் இயக்குநரை ஒரு பார்வை பார்த்தாள். சும்மா பார்க்க வந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காஜா எடுக்கிற மாதிரி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

"உன் பேரையே போட்டுட்டியா?" என்று கேன்காரர் படியிறங்கும்போது பயந்துகொண்டே கேட்டார்.

"பின்னே? அவர் பேர் எனக்கென்ன தெரியும்?"

கையெழுத்து செல்லாது என்று மையத்திலிருந்து யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தால் அது யாருடையது என்று சொல்ல வேண்டியிருக்கும். திங்கட்கிழமை பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. பட்டறைக்காரர் நாலு நாள் திட்டிவிட்டுப் புகைபோக்கிக்கு ஆள் பார்க்கப் போனார். ஒரு தடவைகூடச் சந்திக்காமலே ஒரு பகுதி மக்களைக் குணப்படுத்தியதற்காக இயக்குநருக்கு விருது அறிவித்தார்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம், கேன்காரர் சந்து முனையில் வண்டியிலிருந்து கேன் இறக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. வீட்டுப் பக்கமிருந்து சத்தமே இல்லை. கையிலிருந்த கேனை அப்படியே போட்டுவிட்டு ஓடினார், கதவைத் தள்ளினார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க? ஏன் இப்படி இரைக்க இரைக்க ஓடி வர்றீங்க?"

"ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு அவர் நிலைப்படியில் உட்கார்ந்து அழுதார்.